புட்டியின் முகப்பில் எழுதப்படாத உண்மை

பிரதமர் மோடி 2025 பிப்ரவரியில் வாஷிங்டன் சென்ற அதே நாள்களில், அமெரிக்காவின் போர்பன் விஸ்கி மீதான இறக்குமதி வரி 150 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மற்ற வெளிநாட்டு மதுவகைகளுக்கு அச்சலுகை தரப்படவில்லை. அதிபர் டிரம்ப்புக்கு அளிக்கப்பட்ட நல்லெண்ணப் பரிசு என்று தலைநகரில் சிலர் கூறினர். தேவையற்ற பணிவு என்றனர் வேறு சிலர். வரி விகிதத்தைப் பற்றிப் பேசியவர்கள் பலர். போர்பன் என்றால் என்ன, அதன் பெயரை அமெரிக்கா எவ்வளவு கண்டிப்பாகக் காத்து வருகிறது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

அந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது தில்லியில் அல்ல, புணே அருகேயுள்ள கட்கியில்.

நாடாளுமன்றக் கூட்டத் தொடர் முடிந்த ஓய்வில், கட்கியில் குடியிருக்கும் குடும்ப நண்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். அங்குள்ள பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழர் அவர். அமெரிக்காவிலிருந்து வந்த அவருடைய மகன், சுங்க வரியின்றிக் கொண்டுவர அனுமதிக்கப்பட்ட இரண்டு லிட்டர் அளவுக்குள் ஒரு புட்டியைக் கொண்டு வந்திருந்தார். பெயர் 'ஏஞ்சல்ஸ் என்வி'. போர்ச்சுகல் நாட்டுப் போர்ட் ஒயின் இருந்த பீப்பாய்களில் கடைசிச் சில மாதங்கள் முதிர வைக்கப்பட்ட போர்பன்.

"முதலில் இதைப் பாருங்கள், தம்பி" என்று நண்பர் எடுத்துக் காட்டியது புட்டியை அல்ல. அரசு வழங்கிய அனுமதிச் சீட்டை! மகாராஷ்டிரத்தில் மது அருந்த இன்றும் அனுமதிச் சீட்டு வேண்டும். 1949-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் அங்கு இன்னமும் நடைமுறையில் உள்ளது. மறுபுறம், திராட்சை விவசாயிகளுக்காக 2001-இல் தனிக் கொள்கை வகுத்து ஒயின் தொழிலை ஊக்குவித்ததும் அதே மாநிலம்தான்.

கட்கிக்கு மது புதியதல்ல. 1817 நவம்பர் 5-ஆம் தேதி பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையை ஆங்கிலேயர்கள் தோற்கடித்த இடம் இது. பின்னர் இது ராணுவக் குடியிருப்பாக வளர்ந்தது. சிம்லா, கசௌலி மதுவாலைகளை 1887-இல் விலைக்கு வாங்கிய மீக்கின் என்ற ஆங்கிலேயர், இலங்கையின் நுவரெலியாவில் நிறுவியதைப் போலக் கட்கியிலும் ஒரு பீர் ஆலையை நிறுவினார். சிப்பாய்களின் தாகத்துக்கென வந்த தொழில் அது. அன்று எங்கள் முன் இருந்ததோ தாகத்துக்கான மது அல்ல, நிதானமாகச் சுவைப்பதற்கானது.

வாய் குறுகிய சிறு கண்ணாடிக் குவளையில் இரண்டு விரற்கடை அளவுகூட ஊற்றவில்லை. சோடாவும் இல்லை, பனிக்கட்டியும் இல்லை. முதலில் மணத்தை மட்டும் நுகரச் சொன்னார் நண்பரின் மகன். கருகத் தொடங்கும் சர்க்கரைப் பாகின் மணமும் வெனிலா மணமும் எழுந்தன. அவை உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரப் பீப்பாய் தந்தவை. அதன் பின்னால் உலர்ந்த திராட்சை, அத்தி, நன்கு பழுத்த நாவல் ஆகியவற்றின் சாயல் மெல்ல வந்தது. அது போர்ட் ஒயின் பீப்பாயின் கொடை. ஒரு மிடறை நாவில் நிறுத்தி, பின் விழுங்கினால், முதலில் காரம், அடுத்து இனிப்பு, கடைசியில் திராட்சைத் தோலின் துவர்ப்பு. சில சொட்டுத் தண்ணீர் விட்டதும் காரம் அடங்கிப் பழச்சுவை முன்னே வந்தது. ஒரு குவளைக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது குவளை தேவைப்படவில்லை.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இந்தியப் புட்டி ஒன்றையும் நண்பர் வைத்திருந்தார். உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் ஆலையில் தயாரான 'ஆசவா' என்ற சிங்கிள் மால்ட் அது. முற்றிலும் மால்ட் பார்லியில் காய்ச்சி, பழைய போர்பன் பீப்பாய்களில் முதிர வைத்து, இறுதியில் இந்தியக் கேபர்னே சாவின்யோன் ஒயின் பீப்பாய்களுக்கு மாற்றப்பட்டது. சித்த, ஆயுர்வேத மருந்துக் கடைகளில் நாம் அறிந்த ஆசவம் என்ற சொல்லே இதன் பெயர். போர்பனின் இனிப்பு இதில் குறைவு. திராட்சையின் துவர்ப்பும் மிளகின் காரமும் கூடுதல். தரத்தில் இது சற்றும் குறைந்ததில்லை என்பது என் கணிப்பு.

இந்த இரண்டு புட்டிகளுக்கும் இடையே ஓர் உறவு உண்டு. அமெரிக்கச் சட்டப்படி போர்பனில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். கருக்கப்பட்ட புதிய ஓக் கலத்தில்தான் அதை முதிர வைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் மீண்டும் போர்பனுக்கு உதவாது. எனவே அவை ஸ்காட்லாந்துக்கும் பெங்களூருக்கும் ராம்பூருக்கும் விற்பனையாகின்றன. போர்பன் அமெரிக்காவின் தனித்தன்மை வாய்ந்த பொருள் என்று 1964-இல் அந்நாட்டு நாடாளுமன்றமே தீர்மானம் நிறைவேற்றியது.

அந்தக் கண்டிப்பு எதுவரை செல்கிறது என்பதே இங்கு முக்கியம். முறைப்படி தயாரான போர்பனை ஒயின் பீப்பாய்க்கு மாற்றிவிட்டால், அதன் பிறகு அதை வெறும் போர்பன் என்று விற்க முடியாது. 'போர்ட் ஒயின் பீப்பாயில் முதிர வைக்கப்பட்டது' என்று புட்டியின் முகப்பிலேயே எழுத வேண்டும். சுவை கூடியிருந்தாலும் சரி, விலை கூடியிருந்தாலும் சரி, செய்ததைச் சொல்லியாக வேண்டும். அந்த ஒரு வரிதான், நாவில் பட்ட திராட்சைச் சுவை எங்கிருந்து வந்தது என்பதை எங்களுக்குச் சொன்னது.

நம் நாட்டு நிலைமை என்ன? இங்கு விஸ்கி என்ற பெயரில் விற்பனையாவதில் பெரும்பகுதி, மொலாசஸ் எனப்படும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயத்தில் மணமும் நிறமும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. தானியத்திலிருந்து வடிக்கப்படாததை விஸ்கி என்று விற்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. இங்கோ, மலிவு விலைப் புட்டியின் முகப்பில் குதிரையும் கோட்டையும் இருக்கும். மூலப்பொருளின் பெயர் இருக்காது. ஆசவா போன்ற உயர்விலை விஸ்கிகள் தங்கள் பீப்பாய் வரலாற்றைப் பெருமையுடன் அச்சிடுகின்றன. உண்மையை அறியும் வசதி, பணம் உள்ளவருக்கு மட்டுமே உரியதா?

மதுவைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தால், அது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் என்ற பதில் வந்து விழும். அது பாதி உண்மையே. மதுவின் உற்பத்தி, விற்பனை, ஆயத்தீர்வை ஆகியவை மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளன என்பதில் ஐயமில்லை. ஆனால் மது உணவுச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. அது நாடாளுமன்றம் 2006-இல் இயற்றிய சட்டம். அதன்கீழ் வகுக்கப்பட்ட மதுபான விதிமுறைகள் 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. உடல்நலக் கேடு குறித்த எச்சரிக்கையைப் புட்டியில் அச்சிடச் செய்தது அந்த விதிமுறைகள்தாம். எச்சரிக்கையை எழுத வைக்க முடிந்த மத்திய அரசால், மூலப்பொருளை முகப்பில் எழுத வைக்க முடியாதா?

பிரிட்டனுடன் 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான ஒப்பந்தம், விஸ்கி வரியை 150-லிருந்து 75 சதவீதமாகவும், பத்தாண்டுகளில் 40 சதவீதமாகவும் குறைக்க வகை செய்கிறது. வெளிநாட்டுப் புட்டிகள் வருவது இனிப் பெருகும். அவற்றோடு போட்டியிட இந்தியத் தயாரிப்பாளர்களுக்கு வரிச்சுவர் மட்டும் போதாது. நம்பகமான பெயர் வேண்டும். மகாராஷ்டிரத்து ஒயின் ஆலைகளின் காலிப் பீப்பாய்களுக்கு விஸ்கி ஆலைகளில் நிலையான சந்தை உருவாக வேண்டுமானாலும், பீப்பாயின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு தேவை.

இது குடிப்பழக்கத்துக்கு ஆதரவு தேடும் வாதம் அல்ல. அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவு மதுவிலக்கை அரசின் குறிக்கோளாக வைத்திருக்கிறது. மதுவால் சீரழிந்த குடும்பங்கள் தமிழகத்தில் ஏராளம். ஆனால் அதே தமிழகத்தில் 2003 முதல் அரசு நிறுவனமே மதுவைச் சில்லறையில் விற்று வருகிறது. அரசே விற்கும் பொருளில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை, குடிப்பவருக்கு மட்டுமல்ல, அவரை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் உண்டு.

வரியைக் குறைப்பதா, உயர்த்துவதா என்ற விவாதம் தொடரட்டும். அதற்கு முன், எதிலிருந்து வடித்தது, எதில் எத்தனை காலம் முதிர வைத்தது என்ற இரண்டு விவரங்களை, அந்தந்த மாநில மொழியில், புட்டியின் முகப்பிலேயே அச்சிடச் செய்யலாம். அதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. இருக்கும் விதிமுறையில் ஒரு திருத்தம் போதும். அதைக் கேட்க வேண்டியவர்கள் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள்.