தாலிக்கொடியும் சத்திரசிகிச்சையும்

மொண்டெல்லோவுக்கு அண்மையில், பலெர்மோ பழைய நகரில் முன்னர் யூதர் பலர் வாழ்ந்தனர். 1492ஆம் ஆண்டின் அரச கட்டளை அவர்களை வெளியேற்றியது. 2017இல் பேராயர் அங்குள்ள சிற்றாலயம் ஒன்றை யூதரின் வழிபாட்டுக்கென வழங்கினார்.

யூதருக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். அன்று 39 வகை வேலைகள் விலக்கப்பட்டவை. முடிச்சிடுதலும் அவற்றுள் ஒன்று. ஆயினும் நிலையாக இருக்கும் முடிச்சுக்கே தடை. அன்றாடம் கட்டி அவிழ்க்கும் சப்பாத்து நாடாவுக்குத் தடையில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் ஓய்வுநாள் விதிகளே வழிவிடும்.

அணிவதிலும் கழற்றுவதிலும் நமக்கும் ஆசாரங்கள் உண்டு. சத்திரசிகிச்சைக்குச் செல்லும் தாய்மார் சிலர் தாலிக்கொடியைக் கழற்ற மறுத்துக் கண்கலங்குகின்றனர். உடலில் உலோகம் இருந்தால் மின்கத்தி பயன்படுத்தும்போது தீப்புண் ஏற்படலாம். கழுத்தில் குழாய் செலுத்த நேர்ந்தால் கொடி இடையூறாகும்.

கொடிக்குப் பதிலாக மஞ்சள் துண்டு கோத்த நூலை அணியும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவசரத்தில் தாதியர் அந்நூலை வெட்டினாலும் குற்றமில்லை. இதைக் கணவனும் மாமியாரும் முதல்நாளே எடுத்துச்சொல்லித் தேற்றவேண்டும். கொடி வீட்டுச் சுவாமியறையில் இருக்கட்டும்; சுகமாகித் திரும்பியதும் நல்லநாள் பார்த்து அணிந்துகொள்ளலாம்.