கூண்டைக் கழற்றலாமோ?

போர்முனைக்கென்று பிறந்த லாரி ஒன்று எம் சிற்றப்பனார் இல்லத்தின் பின்கட்டிலுள்ள தகரக் கொட்டகையில் நின்றுகொண்டிருக்கின்றது. இராசபாளையத்தில் தென்காசிச் சாலையை அடுத்த அக்கொட்டகைக்குள் விடுமுறை நாட்களில் யாமும் புகுந்து கைகளில் கிரீசு பூசிக்கொள்வதுண்டு. தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு ஸ்பானரோடு என்ன உறவு என்று நண்பர் நகைப்பர். நகைக்கட்டும். அவ்வண்டியைப் புதுக்குவதில் இப்பொழுது எழுந்துள்ள வழக்கு, பழஞ்சுவடியைப் பதிப்பிப்போர்க்கு எழும் வழக்கையே ஒத்தது என்பது எம் கருத்து.

வண்டியின் வரலாற்றை முதற்கண் கூறுதும். இரண்டாம் உலகப் பெரும்போரில் பிரிட்டிஷ் பேரரசின் படைகட்கென்று கானடா நாட்டில் போர்டு, செவர்லே என்னும் இரு கம்பெனியாரும் ஒரே அமைப்பில் லாரிகள் செய்தனர். ஏறக்குறைய நான்கு இலட்சம் வண்டிகள்! கூண்டு இரண்டிற்கும் ஒன்றே. போர்டுக்கு எட்டுச் சிலிண்டர் எஞ்சின், செவர்லேக்கு ஆறு. பின்னாளில் வந்த கூண்டுகளில் முன்கண்ணாடியின் அடிப்புறம் உள்வாங்கிச் சாய்ந்திருக்கும். வெயில் பட்டு அது மின்னுமாயின் வானூர்ந்து வரும் பகைவன் கண்டுகொள்வான் என்று அஞ்சிச் செய்த சூழ்ச்சி அது. இவ்வகை லாரிகள் பர்மாப் போர்முனையிலும் உழைத்தன. 1945-இல் போர் ஓய்ந்தது. எஞ்சிய வண்டிகள் மிகைப்பொருளென்று விற்கப்பட்டுப் பொதுமக்கள் கைக்கு வந்தன.

எம் பாட்டனார் வாங்கியது செவர்லே. 1936-இல் பி. ஏ. சி. இராமசாமி இராஜா அவர்கள் இராசபாளையம் மில்லை நிறுவியபின் இவ்வூர் பஞ்சாலை ஊராக வளர்ந்தமை யாவரும் அறிந்ததே. பஞ்சுப் பொதி சுமப்பதே எம் வண்டிக்குத் தொழிலாயிற்று. பெட்ரோல் எஞ்சின் குடித்த குடிக்கு வாடகை கட்டவில்லை. எனவே சென்னைச் செம்பியத்தில் சிம்சன் கம்பெனியார் செய்த பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் அதன் இடத்தில் ஏறிற்று. முன்சக்கரங்களைச் சுழற்றிய தண்டு வீண் சுமையென்று கழற்றப்பட்டது. இரும்புக் கூண்டு துருவேறி இற்றபோது, அடுத்த தெருத் தச்சர் ஒருவர் தேக்கு மரத்தால் புதுக்கூண்டு கட்டினார். ஓட்டுநர் வெற்றிலைப் பெட்டி வைக்க ஒரு மாடமும், கைக்குழந்தையோடு வருவோர் பற்றிக்கொள்ள ஒரு பித்தளைப் பிடியும் அதில் உண்டு. ஆடிப்பூரத்தன்று, ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவில்லிபுத்தூர்த் தேர் காணத் தெருவே அதில் ஏறிச் செல்லுமாம்.

இப்பொழுது சிற்றப்பனார் அக்கூண்டைக் கழற்றி எறிந்து, இரும்புக் கூண்டும் பெட்ரோல் எஞ்சினும் தேடிப் பூட்டிப் பச்சை வண்ணம் தீட்ட எண்ணுகின்றார். "தம்பி, பட்டாளத்து வண்டி பட்டாளத்து வண்டியாத்தானே நிக்கணும்?" என்பது அவர் வாதம். "அப்படியானால் தாத்தா ஓட்டிய வண்டி எது, சித்தப்பா?" என்று வினவினோம். அவர் விடை கூறாது எண்ணெய்க் குவளையை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் புகுந்தார்.

அவர் கூற்று முற்றும் தவறன்று. அப்போரில் மாண்டார் பலர்; அவர்தம் காலத்து இரும்பை அவர் கண்ட உருவிலேயே காட்டுதல் நன்றிக் கடனே. மேலும் சட்டமும் அவர் பக்கமே சாய்கின்றது. 2021-இல் நடுவணரசு வகுத்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் வாணிகத்திற்குரியனவல்லாது மூல உருவில் பேணப்பட்டிருப்பின், பழம்பெரும் வண்டியென்று தனியே பதிவு பெறலாம். எண் பலகையில் வி ஏ என்னும் எழுத்துக்கள் பொறிக்கப்படும். சட்டகத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் கூடாது. நன்று, ஆயினும் பஞ்சு சுமந்து பிழைத்த ஏழை வண்டி மாறாதிருக்க இயலுமோ? செல்வர் மாளிகையில் துணி போர்த்தி வைத்த காருக்கே அவ்விதி பொருந்தும். தேய்ந்தும் மாறியும் உழைத்த வண்டியை அவ்விதி முன்னரே வாயிலில் நிறுத்திவிடுகின்றது. அதனைப் பழைய உருவுக்குத் திருப்புவதும் ஒரு பெருமாற்றமேயன்றோ?

திருவில்லிபுத்தூர்ப் பெருந்தேரை நோக்குக. அதன் மரச்சக்கரங்கள் நீங்கி இரும்புச்சக்கரங்கள் ஏறியுள்ளன. அதனால் இது பழைய தேரன்று எனக் கூறி வடம் பிடியாது சென்றவர் எவரையும் யாம் கேட்டதில்லை. தேர் ஓட வேண்டும்; ஓடுதற்கு வேண்டியதை மாற்றினர்; ஏனையவற்றைப் போற்றினர். எம் வண்டிக்கும் புதிய பிரேக்கு வேண்டும், புதிய மின்கம்பி வேண்டும், இற்ற தரைப்பலகை மாற வேண்டும். அவற்றை யாம் மறுக்கவில்லை. கூண்டோ இன்றும் உறுதியாக உள்ளது.

உ. வே. சாமிநாதையரவர்கள் சுவடிகளிற் கண்ட பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டிச் சென்றார்கள். தாம் கொள்ளாத பாடத்தையும் தீயிலிட்டார்களில்லை. போர்க்காலத்துப் பாடம் சில ஆண்டு வழங்கியது. பஞ்சுப்பொதிப் பாடமோ இரு தலைமுறை. பின்னதை அழித்து முன்னதைப் புதிதாக எழுதினால், கிடைப்பது மூலமன்று. மூலத்தைப் போன்ற ஒன்றே. கானடாவிற் செய்த இரும்புக் கூண்டுகள் உலகெங்கும் பல உள. இத்தேக்குக் கூண்டு இது ஒன்றே.

கூண்டு கட்டிய தச்சரின் மகனார் முதுமையெய்தி இன்னும் அத்தெருவிலேயே வாழ்கின்றார். சென்ற பொங்கல் விடுமுறையில் கொட்டகைக்கு வந்து, கதவின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தார். வண்ணத்தின் கீழ் அவர் தந்தையார் உளியாற் பொறித்த ஒரு கோடு உள்ளது. முதலில் தவறாக அளந்து பின் திருத்திய கோடாம். அவர் போனபின் சிற்றப்பனார் கதவருகே நெடுநேரம் நின்றார். வாங்கி வைத்த உப்புத்தாள் கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை.