டயர் ரோடு வரட்டும். செலவு யார் தலையில்?

தேய்ந்த டயரை நம் ஜனங்கள் வீணாக எறிவதில்லை. செருப்புத் தைக்கிறோம், மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி ஆக்குகிறோம். ஆனால் செருப்புக்கும் தொட்டிக்கும் எத்தனை டயர் வேண்டும்? மிச்சமெல்லாம் மலைபோல் குவிகிறது. மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கி டெங்குக் கொசு பெருகுகிறது. போகியன்று கொளுத்தினால் ஊரே கரும்புகையில் திணறுகிறது. டயரைக் காற்றுப் புகாமல் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் ஆலைகளும் இருக்கின்றன. அங்கே பறக்கும் கரியைச் சுவாசிப்பவர் யார்? கூலிக்கு நிற்கும் தொழிலாளியும் பக்கத்துக் குடிசைவாசியும்தான்!

பழைய டயரை உருக்கிப் புது டயர் வார்க்க முடியாது. கந்தகம் சேர்த்துச் சூடேற்றி இறுக்கிய ரப்பர் மெழுகுபோல் உருகாது. ஆகவே அதைத் தூளாக்கித் தாரில் கலந்து ரோடு போடலாம் என்பது நல்ல யோசனை. புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவில் பீனிக்ஸ் நகர என்ஜினீயர் சார்லஸ் மெக்டொனால்டு 1960களிலேயே இதைச் செய்து காட்டினார். முறையாகக் கலந்தால் தார் வெயிலில் எளிதில் இளகாது; ரோடு சீக்கிரம் வெடிக்காது. நம் நாட்டிலும் இதற்குத் தர விதிகள் உண்டு. நெடுஞ்சாலைகள் சிலவற்றில் போட்டும் இருக்கிறார்கள்.

பின் ஏன் எல்லா ரோட்டுக்கும் வரவில்லை? பணம்தான் காரணம். டயரை வெட்ட வேண்டும், உள்ளே இருக்கும் கம்பியையும் நூலையும் பிரிக்க வேண்டும், தூளாக்க வேண்டும், அதிகச் சூட்டில் தாரோடு கலக்க வேண்டும். முதற்செலவு கூடுகிறது. பலனோ பல வருஷம் கழித்துத் தெரிவது. டெண்டரில் குறைந்த தொகை கேட்டவனுக்கே வேலை என்னும்போது, காண்ட்ராக்டர் ஏன் ரப்பரைத் தொடப் போகிறான்?

அமெரிக்கா தரும் பாடம்

1991இல் அமெரிக்க மத்திய சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. மத்திய நிதியில் போடும் தார் ரோட்டில் 1994இல் நூற்றுக்கு 5 பங்கு ரப்பர் கலந்ததாக இருக்க வேண்டும், 1997க்குள் அது 20 பங்காக வேண்டும் என்றது. தவறினால் நெடுஞ்சாலை நிதியை வெட்டுவோம் என்று மாகாணங்களை மிரட்டியது. கூடுதல் செலவுக்கு மட்டும் வழி சொல்லவில்லை. எதிர்ப்புக் கிளம்பியது. 1995இல் அந்தக் கட்டாயத்தையே ரத்துச் செய்தார்கள்.

அதே நாட்டில் கலிபோர்னியா மாகாணம் வேறு வழியில் போயிற்று. புது டயர் ஒன்றுக்கு 1.75 டாலர் வசூலித்து, அதில் ஒரு பகுதியிலிருந்து ரப்பர் ரோடு போடும் நகரசபைகளுக்கு மானியம் தருகிறது. அங்கே காரியம் நடக்கிறது. சட்டம் மட்டும் போதாது, பணமும் வேண்டும் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் அந்த 1.75 டாலர் யார் பையிலிருந்து போகிறது? டயர் முதலாளியிடமிருந்து அல்ல, வாங்குகிறவனிடமிருந்து! லாரிக்காரன் கொடுத்தது கத்தரிக்காய் விலையில் ஏறும். பஸ் முதலாளி கொடுத்தது டிக்கெட்டில் ஏறும். அந்த மாதிரி வசூல் நமக்கு வேண்டாம்.

நம் நாட்டு விதி

நம் மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் விதி கொண்டுவந்தது. டயர் செய்பவரும் இறக்குமதி செய்பவரும் கழிவு டயருக்குப் பொறுப்பேற்க வேண்டும். முதல் வருஷம் நூற்றுக்கு 35, அடுத்து 70, 2024-25 முதல் முழு அளவு. டயரை மறுசுழற்சி செய்யும் ஆலையிடம் அவர்கள் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். ரப்பர் கலந்த தாரும் இந்தக் கணக்கில் சேரும்.

இதை வரவேற்கிறோம். ஆனால் இது பாதி வழிதான். சான்றிதழ்ப் பணம் ஆலைக்குப் போகிறது. ரோடு போட வேண்டிய பஞ்சாயத்துக்கு அதில் தம்பிடி இல்லை. காகிதத்தை மட்டும் நம்பவும் முடியாது. பிளாஸ்டிக் கழிவில் இதே மாதிரி ஏற்பாட்டில் லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்கள் 2023இல் வெளிப்பட்டதைக் கண்டோமே!

தார் வாளி தூக்குகிறவனை யார் நினைக்கிறார்கள்? ரப்பர் தாருக்குச் சூடு அதிகம், புகையும் அதிகம். 1990களில் அமெரிக்க சர்க்கார் நிபுணர்கள் ரோடு வேலை நடந்த இடங்களுக்கே போய்ச் சோதித்தார்கள். ரப்பர் தார் போட்டபோது கண், மூக்கு, தொண்டை எரிச்சலைத் தொழிலாளர்கள் அதிகமாகச் சொன்னார்கள். நம் ஊரில் காலில் சாக்குத் துணி சுற்றிக்கொண்டு நிற்கும் பெண்ணிடம் எந்த நிபுணர் வந்து கேட்டார்?

ஆகவே நாம் கோருவது இது:

1. ரப்பர் ரோட்டின் கூடுதல் செலவுக்குத் தனி நிதி வேண்டும். அது டயர் கம்பெனிகளின் லாபத்திலிருந்து வர வேண்டும். டயர் விலையில் ஏற்றக் கூடாது.

2. அந்த நிதியில் கிராமத்து ரோட்டுக்கும் பங்கு வேண்டும்.

3. எத்தனை டயர் தூளானது, எந்த ரோட்டில் போயிற்று, எத்தனை வருஷம் தாங்கியது என்ற கணக்கை ரோட்டோரப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

4. தார் வேலை செய்வோருக்குக் கையுறை, பூட்ஸ், முகமூடி, வைத்தியப் பரிசோதனை ஆகியவற்றின் செலவை டெண்டரிலேயே சேர்க்க வேண்டும்.

தோழர்களே! பெட்ரோல், டீசல் மீதான ரோடு வரியை நாம் பஸ் டிக்கெட்டிலும் பண்டங்களின் விலையிலும் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டாம் தடவை கட்ட மாட்டோம் என்று சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு. மே 1லும் ஆகஸ்ட் 15லும் கூடும் கிராம சபையில் விவசாயத் தொழிலாளர்கள் இதைத் தீர்மானமாக வையுங்கள். மில் தொழிலாளர்கள் சங்கக் கூட்டத்தில் நிறைவேற்றி அனுப்புங்கள். டயரை விற்று லாபம் பார்த்தவர்களே அதன் குப்பைக்கும் பணம் கட்டட்டும்!