நாணம் அன்று, நஞ்சு!

தமிழ்நாட்டிலுள்ள பெண்ணொருத்தி, தன் மார்பகத்தில் புற்றுநோயின் அறிகுறி உண்டா இல்லையா என்பதை ஒரு காசும் செலவிடாமல் அறிந்துகொள்ள இயலும். இதற்காக அவள் சென்னைக்கோ மதுரைக்கோ பேருந்தேற வேண்டுவதில்லை. 'ஆரம்ப சுகாதார நிலையம்' என்று பலகை மாட்டியிருக்கிறார்களே, அந்தத் தொடக்க நலவாழ்வு நிலையத்திற்குச் சென்று, "மார்பக ஆய்வு செய்துகொள்ள வந்திருக்கிறேன்" என்று சொன்னாற் போதும். பயிற்சி பெற்ற பெண் செவிலியர் ஒருவர், மறைவான இடத்தில் வைத்து, கண்ணாற் பார்த்தும் கையால் தொட்டும் ஆய்வார். சில மணித்துளிகளில் முடிந்துவிடும் செயல் அது.

இவ்வாய்ப்பு நேற்று வந்ததன்று. தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தின்கீழ், 2012 ஆம் ஆண்டு முதல் படிப்படியாக மாநிலமெங்கும் பரவியது. 30 அகவை நிரம்பிய பெண்கள் அனைவர்க்கும் உரியது. 2021 ஆம் ஆண்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின்வழி நலப்பணியாளர் வீட்டு வாயிலுக்கே வரத் தொடங்கினர். 2023 ஆம் ஆண்டில் ஈரோடு, திருப்பத்தூர், கன்னியாகுமரி, இராணிப்பேட்டை ஆகிய நான்கு மாவட்டங்களில், வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களை முன்னரே கண்டறியும் பணி தனியே முடுக்கிவிடப்பட்டது.

ஆயினும் நடந்தது என்ன? 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட ஐந்தாம் நாட்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 30 முதல் 49 அகவை வரையுள்ள பெண்களுள், வாழ்நாளில் ஒருமுறையேனும் மார்பக ஆய்வு செய்துகொண்டதாகச் சொன்னவர் நூற்றுக்கு 5.6 பேர்! இந்தியா முழுமைக்கும் எடுத்தாலோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, 0.9 தான். "இந்திய அளவைவிட நாம் மேல்" என்று மார்தட்டிக்கொள்வோர் தட்டிக்கொள்ளட்டும். எஞ்சிய 94 பேர் எங்கே என்பதே என் கேள்வி.

இது சிறு நோயன்று. இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் முதலிடம் இதற்கே. 2022 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்கள் புதிதாக இந்நோய்க்கு ஆட்பட்டனர் என்றும், ஏறத்தாழ 98,000 பேர் மாண்டனர் என்றும் உலகநல அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. மருந்து கண்டுபிடிக்கப்படாத நோயாயின் விதியென்று அழலாம். தொடக்கத்திலேயே கண்டால் வெல்லத்தக்க நோய் இது. பின் ஏன் இத்துணைச் சாவு?

பணமில்லை என்று சொல்ல வழியில்லை. ஆய்வுக்குக் கட்டணமே இல்லை. தொலைவு என்று சொல்லவும் பெரும்பாலோர்க்கு வழியில்லை. உண்மைக் கரணியத்தைச் சொல்ல நமக்கு நாக்கூசுகிறது. அக்கூச்சமே கரணியம்!

என் தமக்கையார் ஒருவர் இருந்தார். என்னைத் தூக்கி வளர்த்தவர். 2017 ஆம் ஆண்டில் ஒருநாள் குளிக்கும்போது, இடப்பக்க மார்பில் கடலைப் பருப்பளவு கட்டியொன்று அவர் கைக்குத் தட்டுப்பட்டது. வலியில்லை, அதனால் பொருட்படுத்தவில்லை. அது புளியங்கொட்டையாயிற்று, நெல்லிக்காயாயிற்று. மேல்தோல் குழிந்து புண்ணாகிச் சேலையில் குருதி கசிந்த பிறகே வீட்டார் அறிந்தோம். அதற்குள் பதினான்கு திங்கள் கடந்துவிட்டன. "ஏனக்கா முன்னரே சொல்லவில்லை?" என்று அழுதேன். "உடன்பிறந்த தம்பியிடத்தில் இதை எப்படியப்பா சொல்வேன்?" என்றார். அரசு நலவாழ்வு நிலையம் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தொலைவு. நோய் எலும்புவரை பரவியிருந்தது. 2019 இல் அவர் மறைந்தார்.

அந்தத் தம்பி யார்? ஊரில் பாதிப் பேர்க்குத் தமிழ் கற்பித்த ஆசிரியன். கண்ணகி தன் இடமுலையைத் திருகி மதுரைமீது எறிந்த இடம் வகுப்பில் வரும்போதெல்லாம், மாணவர் நகைப்பரே என்று அஞ்சி, "சினத்தால் நகரை எரித்தாள்" என்று மட்டும் சொல்லிக் கடந்து போனவன். வகுப்பறையில் நான் விழுங்கிய சொல்லைத்தான் வீட்டில் என் தமக்கையார் விழுங்கினார். இப்பழியை நான் யார்மேலும் ஏற்றப் போவதில்லை. ஆனால், என்னைப் போன்றோர் இன்னும் எத்தனை பேர்!

"நாணம் பெண்மைக்கு அணி, மார்பைப் பற்றிப் பேசுவது தமிழ்ப் பண்பாடன்று" என்று நீட்டி முழக்குவார் உளர். அவர்களைக் கேட்கின்றேன்: எந்தத் தமிழ்ப் பண்பாடு? மகன் போரில் புறங்காட்டினான் என்று பிறர் சொல்லக் கேட்ட முதியவள், அது மெய்யாயின் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று சூளுரைத்த செய்தி புறநானூற்றில் உள்ளதே. அதனைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்னும் பெண்பாற்புலவர் அல்லரோ? திருவண்ணாமலையில் கோயில் கொண்டுள்ள அம்மையின் பெயர் உண்ணாமுலை அன்றோ? அப்பெயரைத் தம் பெண்மக்களுக்கு இட்டு, தெருக்கோடியில் நின்று உரக்கக் கூவி அழைத்தவர்கள் நம் பாட்டியர் அல்லரோ? அவர்க்கெல்லாம் இல்லாத கூச்சம் நமக்கு எங்கிருந்து வந்தது?

தாய்மைக்குரிய தூய சொல்லை வசைச் சொல்லாக்கினோம். 'மார்பகம்' என்று மாற்றினோம். பின்னர் அதையும் சொல்லக் கூசி 'பிரெசுட்டு' என்று ஆங்கிலத்தில் முணுமுணுக்கிறோம். சொல் ஒளிந்துகொண்ட இடத்திலே நோயும் ஒளிந்துகொண்டது.

நன்னூல் கற்றோர் சிலர் இடக்கரடக்கலை எடுத்துக்காட்டி வழக்காட வரலாம். அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்லுதல் என்பது அதன் பொருள். மறைத்தேனும் சொல்லச் சொன்னார்களேயன்றி, சொல்லாமலே சாகச் சொல்லவில்லை. அன்றியும் மருத்துவமனை அவையன்று. செவிலியர் அயலார் அல்லர். வள்ளுவரும் நாணுடைமை அதிகாரத்தைத் தொடங்கும்போதே, தகாத செயல் செய்ய நாணுவதே நாணம், மகளிர்க்குரிய கூச்சம் வேறுவகை என்று தெளிவாகப் பிரித்துவிட்டார். நோயுறுதல் தகாத செயலா? கட்டியொன்று தோன்றியது அவள் செய்த குற்றமா? பின் எதற்கு நாணம்? உயிரைக் குடிக்கும் இந்த நாணம் அணியன்று, நஞ்சு!

மக்களை மட்டும் குறைசொல்லி அமைதல் முறையன்று. அறிவிப்போரின் குறையும் உண்டு. ஓராண்டு எங்கள் வட்டாரத்திற்கு நடமாடும் மருத்துவ ஊர்தி வந்தது. அதிற் கட்டியிருந்த துணியில், 'பிரெசுட்டு கேன்சர் சுகிரீனிங் கேம்ப்' என்னும் ஆங்கிலத் தொடரைத் தமிழெழுத்தால் எழுதியிருந்தனர். அதனை எழுத்துக் கூட்டிப் படித்த மூதாட்டி ஒருவர், "என்ன படம் ஐயா காட்டுகிறார்கள்?" என்று என்னைக் கேட்டார். நகைத்துவிட்டுப் போகவா இது? 'மார்பகப் புற்றுநோய் ஆய்வு. பெண் செவிலியரே பார்ப்பார். கட்டணமில்லை' என்று எழுத ஏழே சொற்கள் போதும். அவ்வேழு சொற்கள் இருந்திருந்தால் அம்மூதாட்டி உள்ளே சென்றிருப்பார். மேலும், அவ்வூர்தி வந்ததோ வேலைநாளின் முற்பகலில். நடவுக்கும் களையெடுப்புக்கும் நூறுநாள் வேலைக்கும் சென்ற பெண்கள் மாலையில் திரும்பியபோது தெருவில் உருளைத் தடம் மட்டுமே இருந்தது. முன்னாளே ஊரறியச் சொல்லுங்கள். கூலிப் பெண்கள் வீட்டிலிருக்கும் நேரத்தில் வாருங்கள். அவர்கள் மொழியில் எழுதுங்கள். அரசினர்க்கு இது நம் வேண்டுகோள் அன்று, உரிமைக் கோரிக்கை.

இனி, தட்டிக்கழிப்போர் சொல்லும் மூன்று சாக்குகளைப் பார்ப்போம்.

ஒன்று: "வலியில்லையே, எதற்கு ஆய்வு?" இந்நோயின் சூழ்ச்சியே அதுதான். தொடக்கத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கும்வரை காத்திருப்பவள் நோய்க்குக் காலம் கொடுக்கிறாள்.

இரண்டு: "கையால் தொட்டுப் பார்ப்பது ஓர் ஆய்வா? பெரிய கருவி வேண்டாவா?" மும்பையில் இடாட்டா நினைவு மருத்துவமனையார் 1998 இல் தொடங்கி இருபதாண்டுக் காலம் ஓர் ஆய்வு நடத்தினர். 35 முதல் 64 அகவை வரையுள்ள ஏறத்தாழ 1,51,000 பெண்கள் அதில் இருந்தனர். அவர்களுள் ஒரு பாதியினரை, மருத்துவரல்லாத பயிற்சி பெற்ற பெண் நலப்பணியாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறையென நான்கு சுற்றுகள் கையால் ஆய்ந்தனர். 2021 இல் வெளியான முடிவு என்ன? ஆய்வு செய்யப்பெற்றோரிடத்தில் நோய் முற்றிய நிலையில் காணப்படுவது குறைந்தது. 50 அகவையும் அதற்கு மேலும் உள்ளோரிடையே, இந்நோயால் நேரும் சாவு நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது பங்கு குறைந்தது. அதற்கு இளையோரிடத்தில் அத்தகைய குறைவு காணப்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும், எளிய குடும்பத்துப் பெண்களின் கைகள் எளிய குடும்பத்துப் பெண்களின் உயிரைக் காக்க வல்லன என்பது நிலைநாட்டப்பட்டது. கருவியும் இல்லாமலில்லை. ஐயம் தோன்றினால், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மார்பக ஊடுகதிர்ப் படமெடுத்துப் பார்ப்பர். அக்கருவி பொருத்திய ஊர்திகளும் சில இடங்களுக்கு வருகின்றன.

மூன்று: "கண்டுபிடித்தால் மட்டும் பிழைக்கவா போகிறோம்?" இந்தியாவின் 11 பகுதிகளில் 2012 முதல் 2015 வரை நோய் கண்டறியப்பட்ட பெண்களைத் தொடர்ந்து கணக்கிட்டு 2024 இல் வெளியிட்டுள்ளனர். நோய் மார்பகத்தளவில் நின்றிருந்தபோதே வந்தவர்களுள், ஐந்தாண்டு கடந்தும் உயிரோடிருந்தவர் நூற்றுக்கு 81 பேர். அண்டையிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியபின் வந்தோருள் 65.5 பேர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியபின் வந்தோருள் 18.3 பேர். அதே நாடு, அதே நோய். வேறுபாடு வந்து சேர்ந்த காலம் ஒன்றே. என் தமக்கையார் 81 பேருள் ஒருவராக இருந்திருக்கலாம்.

ஆகவே செய்யத்தக்கது இது. 30 முதல் 65 அகவை வரையுள்ள பெண்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மார்பக ஆய்வு செய்துகொள்ள வேண்டுமென்பது நடுவணரசு 2016 இல் வகுத்த நெறி. ஆனால், கட்டியோ தடிப்போ தட்டுப்பட்டாலும், தோல் குழிந்தாலும், காம்பு உள்ளிழுத்துக் கொண்டாலும், அதிலிருந்து குருதி கசிந்தாலும், அக்குளில் கட்டி தோன்றினாலும், ஐந்தாண்டும் பார்க்க வேண்டா, அகவையும் பார்க்க வேண்டா, அன்றே செல்லுக. முன்பு செய்த ஆய்வில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தாலும் செல்லுக. கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றல்ல. அதனை உறுதிப்படுத்திக்கொண்டு மனவமைதியோடு வீடு திரும்பவே இவ்வாய்வு. புற்றென்றே தெளிந்தாலும், அரசு மருத்துவமனைகளில் பண்டுவம் உண்டு. வருவாய் குறைந்த குடும்பங்களுக்கு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 5 இலக்கம் உருபா வரை உதவி உண்டு. எங்கே செல்வது என்று தெரியாதவர் 104 என்னும் எண்ணைத் தொலைப்பேசியில் அழைத்துக் கேட்கலாம்.

தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார், அழுது ஓய்ந்துவிடவில்லை. ஊரூராய்ப் பொருள் திரட்டி 1954 இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவ நிலையத்தைத் தோற்றுவித்தார். அவ்வளவு பெரிய செயலை நம்மிடம் எவரும் கேட்கவில்லை. வாய் திறந்து ஒரு சொல் சொல்லவே கேட்கின்றனர்.

ஆடவர்களே, இறுதியாக உங்களுக்கு! நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து துணைசெய்வார் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தார் வள்ளுவர். மருத்துவரும் மருந்தும் அணியமாய் உள்ளனர். நோயுற்றவள் நாணத்தால் ஒடுங்கி நிற்கிறாள். நான்காம் கூறாகிய நாம்தாம் காணாமற் போனோம். மேடையில் பெண்மை போற்றுவோம், தாய்மொழியைத் தாயென்போம். பெற்ற தாயின் நோயைக் கேட்க வாய் வராது! இவ்விதழைப் படித்து முடித்ததும் தமிழன்பர் ஒவ்வொருவரும் எழுந்து வீட்டுக்குள் செல்லுங்கள். தாயிடமும் தமக்கையிடமும் மனைவியிடமும், "மார்பக ஆய்வு செய்துகொண்டீர்களா?" என்று நேருக்கு நேர் கேளுங்கள். இல்லையென்றால் நாளைக் காலையே உடனழைத்துச் செல்லுங்கள்.

நான் கேட்கத் தவறினேன். நீங்கள் கேளுங்கள்.