முதற்சுற்றின் தீர்ப்பு

தோல்வி நேர்ந்த மறுநாளே குற்றவாளியைத் தேடுவது மனித இயல்பு. குற்றவாளி அகப்பட்டதும் மனம் ஆறிவிடுகிறது. தோல்விக்குரிய காரணம் அகப்பட்டதா என்று அதன்பின் எவரும் கேட்பதில்லை. இவ்வியல்பு வீட்டளவில் நின்றால் கேடு சிறிது. பெரும்பணம் புழங்கும் தொழில்முறை விளையாட்டுக் கழகங்களும் இதற்கு அடிமைப்பட்டு, ஒரு சுற்றில் கண்ட தோல்வியைக் கொண்டே பல்லாண்டு உழைப்பைத் தூக்கி எறிகின்றன. அவற்றைப் பார்த்து ஊர்க் கழகங்களும், ஊர்க் கழகங்களைப் பார்த்துப் பள்ளிகளும் அதே வழியில் நடக்கத் தலைப்படுகின்றன. இவ்வழி தவறானது, தவறானது மட்டுமன்று, கோழைத்தனமானதும் ஆகும்.

இந்நோய் மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து. ஈப்போ நகரத்து உணவகங்களில் காலைப் பசியாறும் நேரத்தில் தொலைக்காட்சியில் ஓடும் ஆட்டம் அதுதான். அங்கே 30 குழுக்கள் உள்ளன. ஒவ்வொரு குழுவும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 82 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றுள் 16 குழுக்கள் வெளியேற்றச் சுற்றுக்குள் நுழைகின்றன. ஏழு ஆட்டங்களில் நான்கினை முதலில் வெல்லும் குழு அடுத்த படிக்குச் செல்லும். மற்றது வீடு திரும்பும். ஆக, அரையாண்டுக் காலம் 82 ஆட்டங்களில் காட்டிய திறம் இரண்டே வாரங்களில் மறக்கப்பட்டுவிடலாம்.

வீடு திரும்பிய குழுவுக்கு ஓய்வில்லை. ஜூன் மாதத்தில் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்துவிடும். அதையடுத்து ஒப்பந்தம் முடிந்தவர்களை வாங்கும் சந்தை திறந்துவிடும். ஏப்ரல் இறுதியில் தோற்ற குழு, புண் ஆறுமுன்னரே வருங்காலத்தை முடிவுசெய்ய வேண்டியதாகிறது. இரசிகர் கொதித்திருப்பர், செய்தியாளர் வாயிலில் நிற்பர், உரிமையாளர் ஏதாவது செய்தாக வேண்டும் என்பார். ஆட்டக்காரர்களை மாற்றுவதோ எளிதன்று. அவர்களுடைய ஒப்பந்தங்கள் பல்லாண்டுக்கு உரியவை. ஒரு குழு தரக்கூடிய மொத்தச் சம்பளத்திற்கு உச்சவரம்பும் உண்டு. பயிற்றுநரின் சம்பளம் அவ்வரம்பில் சேராது. ஆகவே அவரை அனுப்புவதே எளிய வழியாகிறது. பிழை அவருடையது என்பதால் அவர் போவதில்லை. அவரை அனுப்புவது எளிது என்பதால் போகிறார். இந்த வேறுபாட்டை மறைப்பதற்காகவே 'புதிய குரல் தேவை', 'புதிய திசை தேவை' போன்ற அழகிய சொற்கள் அறிக்கைகளில் இடம்பெறுகின்றன.

மில்வாக்கி பக்ஸ் குழுவின் கதையை எடுத்துக்கொள்ளலாம். மைக் பூடன்ஹோல்சர் பயிற்றுவித்த அக்குழு 2020இல் இரண்டாம் சுற்றிலேயே மயாமி ஹீட் குழுவிடம் நான்குக்கு ஒன்று என வீழ்ந்தது. பயிற்றுநரை விலக்குக என்ற குரல் அன்றே எழுந்தது. நிர்வாகம் செவிசாய்க்கவில்லை. பயிற்றுநரை வைத்துக்கொண்டு, ஜூரூ ஹாலிடே என்னும் தற்காப்பு வல்லுநரைச் சேர்த்தது. பலன் 2021இல் கிட்டியது. 1971க்குப் பின் ஐம்பது ஆண்டுகள் கழித்து மில்வாக்கி வெற்றிக் கிண்ணம் ஏந்தியது.

அந்தப் பொறுமையை அதே நிர்வாகம் இரண்டே ஆண்டுகளில் மறந்தது. 2023இல் மில்வாக்கி 58 ஆட்டங்களை வென்று 30 குழுக்களுள்ளும் முதலிடத்தில் நின்றது. முதற்சுற்றில் எதிர்ப்பட்டது, எட்டாம் இடத்தில் நுழைந்த மயாமி. முதல் ஆட்டத்திலேயே மில்வாக்கியின் தலையாய ஆட்டக்காரர் யானிஸ் அடெட்டோகும்போ முதுகில் அடிபட்டார். அடுத்த இரண்டு ஆட்டங்களில் அவரால் களமிறங்க இயலவில்லை. மில்வாக்கி நான்குக்கு ஒன்று எனத் தோற்றது. சில நாள்களில் பூடன்ஹோல்சர் நீக்கப்பட்டார். கிண்ணம் வாங்கித் தந்த கையை உதறுவதற்கு ஐந்து ஆட்டங்கள் போதுமானவையாக இருந்தன. அவரை வீழ்த்திய மயாமி அவ்வாண்டு இறுதியாட்டம் வரை சென்றதை எண்ணிப் பார்க்க எவரும் காத்திருக்கவில்லை.

அதன்பின் நடந்தவற்றை வரிசையாகச் சொன்னாலே போதும். தலைமைப் பயிற்றுநர் பொறுப்பை அதுவரை ஏற்றிராத ஏட்ரியன் கிரிஃபின் அமர்த்தப்பட்டார். ஹாலிடேயைக் கொடுத்து, புள்ளி குவிப்பதில் பெயர்பெற்ற டேமியன் லில்லர்டைப் பெற்றனர். 43 ஆட்டங்களில் 30ஐ வென்றிருந்த நிலையில், 2024 ஜனவரியில் கிரிஃபினும் நீக்கப்பட்டார். அவரிடத்துக்கு டாக் ரிவர்ஸ் வந்தார். 2024இல் முதற்சுற்றில் தோல்வி. 2025இலும் முதற்சுற்றில் தோல்வி. லில்லர்டுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. அவ்வாண்டு ஜூலையில் ஒப்பந்தம் முடியுமுன்னரே அவரும் விடுவிக்கப்பட்டார். மில்வாக்கி கைவிட்ட ஹாலிடேயோ, பாஸ்டன் குழுவில் சேர்ந்து 2024இல் வெற்றிக் கிண்ணம் ஏந்தினார். ஒரு முதற்சுற்றுத் தோல்விக்கு அஞ்சி எடுத்த முடிவுகள் மேலும் இரண்டு முதற்சுற்றுத் தோல்விகளில் கொண்டுபோய் விட்டன.

இதற்கு மறுதலையாக நிற்பது டல்லாஸ் மேவரிக்ஸ். 2007இல் அக்குழு 67 ஆட்டங்களை வென்று, எட்டாம் இடத்தில் நுழைந்த கோல்டன் ஸ்டேட் குழுவிடம் முதற்சுற்றிலேயே தோற்றது. அவ்வாண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது டெர்க் நோவிட்ஸ்கிக்குக் கிடைத்தது. விருதை அவர் வாங்கியபோது அவருடைய குழு போட்டியிலேயே இல்லை. 'இவரை வைத்துக்கொண்டு கிண்ணம் வெல்ல முடியாது' என்று பேசியோர் பலர். 2008இலும் முதற்சுற்றில் தோல்வி. பயிற்றுநர் ஏவரி ஜான்சன் நீக்கப்பட்டார். எனினும் நோவிட்ஸ்கியைக் குழு விற்கவில்லை. புதிய பயிற்றுநர் ரிக் கார்லைலும் 2010இல் முதற்சுற்றில் தோற்றார், அவரையும் விலக்கவில்லை. அடுத்த ஆண்டு, 2011இல், இறுதிச் சுற்றில் மயாமியை வென்று டல்லாஸ் கிண்ணம் ஏந்தியது. நான்கு ஆண்டுகளில் மூன்று முறை முதற்சுற்றிலேயே வீழ்ந்த ஒரு மனிதரை நம்பியதன் விளைவு அது.

இங்கு ஒரு மறுப்பு எழும். தொரொன்தோ ராப்டர்ஸ் குழு 2018இல் பயிற்றுநர் டுவேன் கேசியை நீக்கியது; நெடுங்காலம் உழைத்த டெமார் டெரோசனைக் கொடுத்துக் கவாய் லெனர்டைப் பெற்றது; மறு ஆண்டே கிண்ணமும் வென்றது. ஆகவே துணிந்த மாற்றம் பலன் தரும் என்பாரும் உளர். மறுப்பு நேர்மையானது, மறுமொழியும் நேர்மையாக அமைய வேண்டும். தொரொன்தோ ஒரு தோல்வியைக் கண்டு மாறவில்லை. 2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கிளீவ்லந்து என்னும் ஒரே குழுவிடம் தோற்றது. பின்னிரண்டு ஆண்டுகளில் ஓர் ஆட்டத்தையும் வெல்லவில்லை. மூன்றாண்டுச் சான்றினைக் கொண்டு செய்த மாற்றம் அது. புதிய பயிற்றுநர் நிக் நர்சும் வெளியார் அல்லர். கேசியின் துணைப் பயிற்றுநராக இருந்தவர். கட்டடத்தை இடிக்காமல் ஒரு தூணை மாற்றினார்கள். அதிலும் நற்பேற்றுக்குப் பங்கு இருந்தது. 2019 இரண்டாம் சுற்றின் ஏழாம் ஆட்டத்தில், கடைசி நொடியில் லெனர்ட் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் நான்கு முறை துள்ளிய பின்னரே உள்ளே விழுந்தது. அது வெளியே விழுந்திருந்து, கூடுதல் நேரத்தில் ஆட்டமும் கைநழுவியிருந்தால், இன்று தொரொன்தோவை மதியூகி என்று போற்றுவோரே மதியிழந்த குழு என்று ஏசியிருப்பர். பந்து துள்ளும் திசையை வைத்து அறிவையும் அறியாமையையும் அளப்பது எங்ஙனம் பொருந்தும்?

ஆகவே மாற்றமே கூடாது என்பது வாதமன்று. மாற்றத்துக்கு முன் சில வினாக்களுக்கு விடை காண வேண்டும் என்பதே வாதம். தோற்றது எத்தனை ஆட்டங்களில்? தலையாய ஆட்டக்காரர் களத்தில் இருந்தாரா? எதிரி எத்தகையவர், அதன்பின் அவர் எவ்வளவு தொலைவு சென்றார்? இதே குறை முந்தைய ஆண்டுகளிலும் தென்பட்டதா? இவற்றுக்கு விடை தேடாமல் செய்யும் மாற்றம் சீர்திருத்தம் அன்று, பலியிடல். திருவள்ளுவர் தெரிந்துதெளிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராய்ந்தபின் நம்புதலும், நம்பியபின் ஐயுறாதிருத்தலும் ஆள்வோர்க்குரிய அறம் என்பது தமிழருக்குப் புதிய பாடம் அன்று.

இது கடல்கடந்த கதை என்று ஒதுக்க வேண்டா. பேராக் மாநிலக் காற்பந்துக் குழுவின் வரலாறும் இதனையே வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. 2018இல் மெஹ்மெட் துராகோவிச் பயிற்றுவித்த பேராக், ஷா ஆலாமில் நடந்த இறுதியாட்டத்தில் திரங்கானுவைப் பினால்டி உதைகளில் வென்று மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 2000க்குப் பின் 18 ஆண்டுகள் காத்திருந்து பெற்ற வெற்றி அது. 2019 பிப்ரவரியில் ஆசிய வெற்றியாளர் கிண்ணத்தின் தகுதிச் சுற்றில் ஹாங்காங்கின் கிட்சி குழுவை வென்று, தென்கொரியாவின் உல்சானிடம் ஐந்துக்கு ஒன்று எனத் தோற்றது. அத்தோல்விக்காகப் பயிற்றுநரை எவரும் பலியிடவில்லை. அவ்வாண்டே குழு எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்திற்குச் சென்றது. அதுவரை நன்று. ஆனால் குழுவைப் பின்னர் வீழ்த்தியது எதிரியின் உதை அன்று. நிதி நெருக்கடியும் சம்பள நிலுவையும்தான். 2021இல் சூப்பர் லீக்கிலிருந்து இறங்கியது. மீண்டும் ஏறி வந்தும், 2025-26 பருவத்திலிருந்து விலகிக்கொண்டது. ஈப்போ அரங்கில் ஆரவாரித்த இரசிகர் கூட்டம் ஒவ்வோர் ஆட்டத்தின் கோல் கணக்கையும் கேட்டது. கழகத்தின் வரவுசெலவுக் கணக்கைக் கேட்டவர் எத்தனை பேர்? கோல் பலகை தோல்வியைக் காட்டும். தோல்வியின் வேரைக் காட்டாது.

வேரை அறிந்து பொறுத்திருத்தல் பேராக் மண்ணுக்கே உரிய பாடம். 1877இல் கோலகங்சாரில் ரப்பர்ச் செடிகள் நடப்பட்டன. அப்பயிர் பெருந்தோட்டத் தொழிலாக வளர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. நட்ட மரம் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். இலையுதிர் காலத்தில் பால் குறையும். மழை நாளில் வெட்டே இல்லை. அன்றன்றைய பால் எடையைக் கிராணியார் பதிவேட்டில் குறித்துவைத்தார். ஆனால் இலையுதிர் காலத்து எடையைக் கண்டு மரத்தைச் சாய்க்கச் சொன்னதில்லை. இன்று அத்தோட்டங்களுள் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. பால்மரத்தோடு அந்தப் பொறுமையும் வேரோடு பெயர்க்கப்பட்டுவிட்டதோ என்று ஐயுற வேண்டியுள்ளது.

ஏனெனில் அத்தோட்டங்கள் விட்டுச்சென்ற தமிழ்ப்பள்ளிகளிலும் முதற்சுற்றுத் தீர்ப்பு நுழைந்துவிட்டது. அவற்றுள் பல, 150 மாணவருக்கும் குறைவானவர் பயிலும் பள்ளிகள். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் குழுவுக்கு ஆள் சேர்ப்பதே அங்குப் பெரும்பாடு. அக்குழு மாவட்டப் போட்டிக்குச் சென்று, ஆயிரம் மாணவர் பயிலும் நகரப் பள்ளியிடம் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்புகிறது. உடனே கேள்வி எழுகிறது: "பேருந்துக்குக் கொடுத்த பணம் வீண்தானே?" அடுத்த ஆண்டு பொறுப்பாசிரியர் மாற்றப்படுகிறார், அதற்கடுத்த ஆண்டு குழுவே இல்லை. தோற்ற சிறுவரிடம் எதுவும் கேட்கப்படுவதில்லை. கூடைப்பந்தைக் கையிலேந்திச் சில மாதங்களே ஆன பதினோரு வயதுச் சிறுவன், தனக்கு ஆட வராது என்ற முடிவோடு இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறான்.

தேர்விலும் இதுவே நடந்தது. 1988 முதல் 2019 வரை நடைபெற்ற யு.பி.எஸ்.ஆர். தேர்வில் எத்தனை பேர் எல்லாப் பாடங்களிலும் 'ஏ' பெற்றனர் என்பதே பலருக்குப் பள்ளியின் தரமாயிற்று. எண்ணிக்கை ஓராண்டு குறைந்தால் தலைமையாசிரியரின் தலை உருண்டது. அவ்வாண்டு ஆறாம் வகுப்பில் இருந்தவர் ஏழே பேர் என்பதை எவரும் எண்ணவில்லை. 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று; தீர்ப்புக்கு அவசரப்படும் மனம் போகவில்லை.

தொழில்முறைக் கழகம் வேறு, பள்ளி வேறு என்று சிலர் கூறக்கூடும். உண்மையே. கழகம் ஒரு பயிற்றுநரை அநியாயமாக நீக்கினால், அவர் வேறு கழகத்தில் சேர்வார். பூடன்ஹோல்சரும் அவ்வாறே 2024இல் பீனிக்ஸ் குழுவுக்குச் சென்றார். கைவிடப்பட்ட சிறுவனுக்குச் செல்ல வேறு குழு இல்லை. ஆகவே கழகத்தைவிடப் பள்ளிக்கே பொறுமை மிகுதியும் வேண்டும்.

பள்ளி வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் செய்ய வேண்டியது கடினமானதன்று. ஒரு குழுவைத் தொடங்கினால், அதற்கும் அதன் பொறுப்பாசிரியருக்கும் மூன்று ஆண்டுக் காலம் உறுதி தரவேண்டும். போட்டி முடிந்த மாதத்தில் எந்த மாற்றமும் முடிவுசெய்யலாகாது. யாரிடம் தோற்றோம், எவ்வளவில் தோற்றோம், சென்ற ஆண்டைவிட எதில் முன்னேறினோம் என்பதைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். மூன்றாம் ஆண்டின் முடிவில் அப்பதிவேட்டைத் திறந்து, அதன்பின் தீர்ப்புச் சொல்லட்டும். அப்போதும் குறை இருப்பின் மாற்றம் செய்வதில் தவறில்லை. அதனைச் செய்வோர்க்கு அத்தகுதியும் இருக்கும்.

அதுவரை, முதல் ஆட்டத்தில் தோற்றுவந்த சிறுவர்களுக்கு மறுநாள் மாலையும் திடல் திறந்திருக்கட்டும்.