பாதயாத்திரை போன பிறகு கொறங்காட்டில் கிடப்பது

மூன்று வருஷத்துக்கு முன், தைப்பூசம் முடிந்து பத்து நாள் இருக்கும். எங்க செவலை மாடு அசை போடுவதை நிறுத்திவிட்டது. காங்கயம் மாடு, மூணாவது ஈத்து. இடது பக்க வயிறு உப்பிக்கொண்டே வந்தது. கால்நடை மருத்துவர் ரெண்டு நாள் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, வயிற்றைத் திறந்துதான் ஆகணும் என்றார். திறந்தார். ஒரு அன்னக்கூடை நிறைய வெளியே வந்தது. கேரி பேக், சாம்பார் கட்டின கவர், தண்ணி பாக்கெட், நைலான் கயிறு. கூடவே உரித்த தோல் மாதிரி மெல்லிசாக, சுருண்டு சுருண்டு ஏதோ ஒரு படலம். அது என்னவென்று எனக்குப் புரியவில்லை.

"பேப்பர் கப்புங்க சார். பேப்பர் செரிச்சுப் போச்சு, உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மட்டும் நிக்குது. இது ஒரு வருஷத்துச் சரக்கு இல்லீங்க, நாலஞ்சு வருஷமாச் சேர்ந்தது" என்றார்.

ஒன்பதாம் நாள் காலையில் மாடு கட்டுத்தரையில் செத்துக் கிடந்தது.

அந்தக் கப்பு நான் கொடுத்தது. வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்த வருஷம் முதல், தாராபுரம் ரோட்டோரம் எங்க கொறங்காட்டு முனையில் தைப்பூசத்துக்குப் பந்தல் போட்டு, பழனிக்கு நடக்கும் சாமிகளுக்குச் சுக்குக் காபி கொடுத்து வந்தேன். புண்ணியம் என்றுதான் நினைத்தேன்.

இப்போது பட்டணத்துப் பிள்ளைகள் கூடாரம் எடுத்துக்கொண்டு அமராவதி அணைப் பக்கமும் திருமூர்த்தி மலைப் பக்கமும் வருகிறார்கள். கேம்பிங் என்கிறார்கள். வெட்டவெளியில் தங்குவது நமக்குப் புதுசா என்ன? திருப்பூர், பல்லடம், காங்கயத்தில் இருந்து பழனிக்கு நடப்பவர்கள் வெள்வேல மரத்தடியிலும் தோட்டத்துச் சாளையிலும் படுத்து எழுந்துதான் காலங்காலமாகப் போகிறார்கள். எங்க அப்பா காலத்தில் கட்டுச்சோற்று மூட்டையும் ஒரு செம்பும்தான் கையில். அவர்கள் நம்மைவிட யோக்கியர்கள் என்று சொல்ல மாட்டேன். விட்டுப்போக அவர்களிடம் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

கொறங்காடு வைத்திருப்பவர்களுக்கு இதன் ஆபத்து தெரியும். கிளுவை வேலிக்குள் மாட்டை ஓட்டிவிட்டுப் படலைச் சாத்திவிட்டு வந்துவிடுவோம். கூடவே நின்று மேய்க்க ஆள் கிடையாது. மாடு நாக்கைச் சுழற்றி, கொழுக்கட்டைப் புல்லோடு சேர்த்து எல்லாவற்றையும் இழுத்துவிடும். பொறுக்கித் துப்பத் தெரியாது. உப்பும் சாம்பாரும் மணக்கிற கவர் என்றால் தேடிப் போய்த் தின்னும். ரோட்டில் கிடப்பதைக் காற்று தூக்கிவந்து கிளுவை முள்ளில் மாட்டிவிட்டுப் போகும்.

தமிழ்நாட்டில் 1-1-2019 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. கேரி பேக் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறோம். பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப், பேப்பர் தட்டு, தண்ணி பாக்கெட், துணி மாதிரியே இருக்கிற நான்-வோவன் பை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஊரார் கடன் பத்திரத்தில் ஒரு வரி விடாமல் படித்தவன், இந்த அரசாணையை மாடு செத்த பிறகுதான் படித்தேன்.

நாம் சாயப்பட்டறைக்காரர்களிடம் என்ன கேட்டோம்? நொய்யல் கெட்டு, ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணி நின்றபோது விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். உன் கழிவு உன் காம்பவுண்டைத் தாண்டக் கூடாது என்பதுதான் கோரிக்கை. ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்டாத பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதே கணக்குப்படி, என் பந்தல் கப்பு என் பந்தலைத் தாண்டலாமா? நடக்கிறவரைத் திட்டுவது சுலபம். கப்பை அவர் கையில் திணித்தது யார்?

விலை இருந்தால் குப்பை திரும்பி வரும். திருப்பூர்க்காரனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பனியன் கம்பெனிக் கணக்கைப் பார்த்தால் கட்டிங் வேஸ்ட் விற்ற பணம் தனி வரியாக நிற்கும். ஒரு துண்டுத் துணி வீணாகாது, நூலாகித் திரும்பும். நீலகிரியில் உடைந்த மதுபாட்டில் யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று வழக்கு வந்து, 2022-இல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரச் சொன்னார்கள். பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. மற்ற மாவட்டங்களுக்கும் அது பரவியது.

போன ரெண்டு வருஷமாக எங்க பந்தலில் எவர்சில்வர் டம்ளர்தான், 200 வாங்கினேன். பாத்திரம் கழுவ ரெண்டு பேர், கழுவின தண்ணி தென்னைக்கு. சோறு பாக்கு மட்டையில், மிச்சம் கம்போஸ்ட் குழிக்கு. ஒவ்வொரு குழுவுக்கும் பனியன் துணியில் தைத்த ஒரு பை கொடுத்து, வழியில் சேர்வதை அதில் போட்டுக்கொள்ளச் சொல்கிறோம். "சாமிக்கு நடக்கிறவங்களைக் குப்பை தூக்கச் சொல்றதா?" என்று பங்காளி ஒருவருக்குக் கோபம். காவடி தூக்குகிறவர்களுக்கு அந்தப் பை ஒரு பாரமா? வெளிக்குப் போகக் கிணற்றில் இருந்து 200 அடிக்கு அப்பால் அரையடிக் குழி, பக்கத்திலேயே மண்ணும் ஒரு மண்வெட்டியும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கூட்டம் போன மறுநாள் எல்லாவற்றையும் கூட்டிக் கொளுத்துகிறோம். அரைகுறையாக உருகின கட்டி மண்ணில் கிடந்து அடுத்த உழவில் துண்டு துண்டாகும். புதைத்தால் நாய் தோண்டும். ரசாயனம் போடாத மண் என்று சொல்லிக்கொள்கிற நாம் இதைச் செய்யலாமா? நம் இயக்கக் கூட்டங்களிலும் மேடையில் தண்ணி பாட்டில் வரிசையாக நிற்கிறது. ஒரு பானை வைக்க எவ்வளவு நேரமாகும்?

வரும் தைப்பூசத்துக்கு, ரோட்டில் பந்தல் போடும் நாலு பேரிடம் பேசியிருக்கிறேன். ரெண்டு பேர் சரி என்றார்கள், ஒருவர் யோசிக்கிறார். இன்னொருவர், "டம்ளரெல்லாம் திருடு போயிருமுங்க" என்றார். போகும்தான். போன வருஷம் எங்களது 11 போச்சு, கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.