டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள்

இரவு ரயில். மேல் பெர்த். விளக்கணைத்து வெகுநேரமாகிவிட்டது. காதில் ஹெட்போன், கையில் பிஎஸ்பி என்னும் பழைய கையடக்க கேம் கருவி. நான் உதறிய உதறலில் கீழ் பெர்த் பெரியவர் விழித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, கெட்ட கனவா?"

"இல்லீங்கய்யா, கேம்."

"இந்த நேரத்துலயா?" என்று திரும்பிப் படுத்தார்.

இந்த நேரத்தில்தான் அதை ஆட வேண்டும். 'சைலன்ட் ஹில் 2' என்ற திகில் கேம் 2024-ல் புதுமெருகோடு வந்தபோது ஆளாளுக்கு அதைப் பற்றிப் பேசினார்கள். அதே குடும்பத்துப் பிள்ளையான, நான் ஆடிக்கொண்டிருந்த 'ஷாட்டர்டு மெமரீஸ்' பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதை உருவாக்கியது பிரிட்டனின் க்ளைமாக்ஸ் நிறுவனம். அமெரிக்காவில் 2009 டிசம்பரில் நின்டெண்டோ வீ கன்சோலுக்கும், அடுத்த மாதமே பிஎஸ்பிக்கும் வந்தது.

பனி கொட்டும் இரவில் கார் விபத்து. கண்விழிக்கும் ஹாரி மேசன், காணாமல்போன மகள் ஷெரிலைத் தேடிப் புறப்படுகிறார். கையில் ஒரு டார்ச், ஒரு செல்போன். துப்பாக்கி கிடையாது, தடிகூடக் கிடையாது. ஊர் பனிக்கட்டியாய் உறையும்போது முகமற்ற உருவங்கள் துரத்தும். ஓடலாம், கதவை மூடலாம், அலமாரியைச் சாய்த்துவிட்டு ஓடலாம். கட்டிப்பிடித்துக்கொண்டால் உதற வேண்டும். பிஎஸ்பியில் அதற்கு பட்டன்தான். என் உடம்புக்கு அது தெரியவில்லை, பாவம் பெரியவர்.

ஆனால் உண்மையான பயம் அந்த உருவங்களில் இல்லை. மனநல டாக்டர் காஃப்மேனின் அறையில் இருக்கிறது. அவ்வப்போது கதை அங்கே திரும்பும். எதிரே உட்கார்ந்து அவர் நம்மிடம் கேள்வி கேட்பார். ஒரு வீட்டுப் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்வார். பிறகு ஹாரி போய்ச் சேரும் வீடு நாம் தீட்டிய வண்ணத்திலேயே நிற்கும்! நம் பதில்களையும், நாம் எதை உற்றுப் பார்க்கிறோம் என்பதையும் வைத்து மனிதர்களின் தோற்றமும் பேச்சும் மாறும்.

வீ-யில் ஆடியவர்கள் ஒரு சுகத்தைச் சொல்வார்கள். ரிமோட்டைப் பிடித்த மணிக்கட்டைத் திருப்பினால் டார்ச் திரும்பும். செல்போன் அழைப்பு ரிமோட்டின் ஸ்பீக்கரிலேயே கேட்கும், காதில் வைத்துக்கொள்ளலாம். பிஎஸ்பியின் 4.3 அங்குலத் திரையில் அதெல்லாம் இல்லை. அதனால் பிஎஸ்பி பதிப்பை மட்டம் என்று ஒதுக்குவார்கள்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. வீ-யை ஹால் டிவியில் ஆடும்போது, அம்மாவும் தம்பியும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு டாக்டர் உங்கள் அந்தரங்கத்தைக் கேட்டால் நல்ல பிள்ளையாகத்தான் பதில் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். போர்வைக்குள் உள்ளங்கை அகலத் திரையில் கேட்டால், உண்மை தானாக வந்துவிடும். இந்த கேம் அந்த உண்மையை வைத்துத்தான் நம்மைப் பயமுறுத்துகிறது.

அலமாரியில் பழைய பிஎஸ்பி தூங்கினால் எடுத்து சார்ஜ் போடுங்கள். தனியாக ஆடுங்கள். டாக்டர் கேட்கும்போது மட்டும் பொய் சொல்லாதீர்கள்.